தன்முனைப்பு முகாம் வேண்டாம், டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் நீளமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டித் தருகிறது, பிள்ளைகளுக்கு மனவுறுதி வர ஒரு தன்முனைப்பு முகாம் நடத்தலாம், மலைக்குக் கீழேயிருந்து யாரை அழைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் அழைக்காதீர்கள். அந்தப் பணத்தில் வகுப்புக்கு வகுப்பு வரைதாளும் வண்ணமும் களிமண்ணும் வாங்கிவையுங்கள். மழையில் நனைந்து வரும் பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள நாலைந்து சட்டைகள் வாங்கிவையுங்கள். மிச்சமிருந்தால் ஆசிரியர் அறையில் நல்ல தேத்தண்ணி போடுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் தூசித் தேயிலை குடிக்கிற கொடுமை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டு இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். இந்தக் கேள்வி கேமரன் மலையிலிருந்து மட்டும் வருவதில்லை.

தன்முனைப்பு முகாம் எப்படி நடக்கும் என்பது நம் தமிழ்ப்பள்ளிகளில் எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் விளக்கை அணைப்பார்கள். சோகமான புல்லாங்குழல் ஓடும். "உங்க அம்மா உங்களுக்காக என்ன பாடுபடுறாங்க தெரியுமா?" என்று பேச்சாளர் குரலை இறக்குவார். பிள்ளைகள் அழும். பின்வரிசையில் தாய்மார் அழுவார்கள். எத்தனை பேர் அழுதார்கள் என்பதுதான் அன்றைய வெற்றியின் அளவு. பிறகு கைதட்டல், குழுப்படம், சாப்பாடு. சாயங்காலம் பேச்சாளரின் கார் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிவிடும். தோட்டத்துக்கு வருகிறவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: கவாத்து செய்தால்தான் தேயிலை தழைக்கும், துன்பம் பட்டால்தான் மனிதன் வளர்வான். பிள்ளை செடி இல்லை. கத்தி படாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள்.

முகாமுக்குப் போன பிள்ளைகளில் பலருக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை. அழுதுவிட்டு நாசி லெமாக் சாப்பிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குள் மண் வந்து பார்த்த பிள்ளைக்கு, அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு தூங்குகிற பிள்ளைக்கு, அந்த மண்டபம் வேறு இடம். பேரிடர் நடந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் கொட்டவைத்து அனுப்பும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தது. ஆய்வுகள் பார்த்தபோது அது பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுக்கவில்லை. சிலருக்குக் கூட்டவே செய்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. புண்ணைத் திறக்கிறவர் அதைக் கட்டும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். முகாம் பேச்சாளரால் அது முடியாது.

இனி உங்கள் கடிதத்தில் வரும் இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு வருகிறேன். மழை வலுத்தால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கூப்பிட்டால் வருவதில்லை, ஒருமுறை கால்சட்டையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் உள்ளே விழுந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. அதனால் செய்தியில் வரவில்லை. அதனால்தான் பள்ளியிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சின்னப் பையன்தானே டீச்சர், மறந்துடுவான்" என்கிறார் மூத்த ஆசிரியர். "நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க எதையும் தாங்கும்" என்கிறார் சங்கத் தலைவர்.

அவன் பயம் யோசித்து வருகிற பயம் இல்லை. தகரத்தில் மழை விழும் சத்தமும் ஈரமண் வாடையும் மூளையின் அபாயமணியை நேராக அடிக்கின்றன. இதயம் துடிக்கிறது, வயிறு பிசைகிறது, கால் ஒளியும் இடம் தேடுகிறது. யோசிக்கிற பகுதி வந்துசேர்வதற்குள் உடம்பு மேசைக்கடியில் போய்விட்டது. அந்த நேரத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாது. அறிவுரையும் ஏறாது. "ஒன்னும் இல்லடா, பயப்படாத" என்கிறோம். கேமரன் மலையில் அது பொய்யும்கூட.

2013 அக்டோபர் 23 அதிகாலையில், விடாத மழையில் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட, பெர்த்தாம் ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். மறுவருடம் நவம்பர் 5, ரிங்லெட்டிலும் பெர்த்தாம் வேலியிலும் மண்ணும் வெள்ளமும் ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின. 2024 ஜனவரியில் கம்போங் ராஜா பக்கம் மலைச்சரிவில் புதைந்தவர்கள் ஐந்து மியன்மார் தொழிலாளர்கள். காய்கறித் தோட்டங்களுக்காக மேலே காட்டை வழித்தெடுத்தது, அந்த மண் இறங்கி 1960களில் கட்டிய நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆக, பையனின் அபாயமணி பழுதில்லை. அது நிற்க மறுக்கிறது, அவ்வளவுதான். ஆபத்து எப்போது, எப்போது இல்லை என்று பிரித்தறிய அவனுக்கு ஆள் வேண்டும்.

உலகத்துத் தமிழர் தேயிலை மலைகளை எடுத்துப் பார்த்தால் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ரிங்லெட் சரிவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், 2014 அக்டோபர் 29 காலையில், இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை ஒட்டிய மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லேயே சொல்லியிருந்தது, 2011லும் சொல்லியிருந்தது. காலைநேரம் என்பதால் பிள்ளைகள் சிலர் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். திரும்பிவந்தால் வீடு இல்லை. சிலருக்கு வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு மிச்சமிருந்தவை புத்தகப்பையும் பள்ளிக்கூடமும்தான். மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவில் லயங்களின்மேல் மலை இறங்கியபோது எழுபது பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் செத்துப்போயிருந்ததால் வெளியுலகத்துக்குச் சேதி எட்டவே மறுநாள் ஆனது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலம். போய் நிற்கப் பள்ளிக்கூடம்கூட இல்லாமல் பிழைத்த பிள்ளைகள் அவர்கள்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 நடந்த மலைச்சரிவை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முண்டக்கை, சூரல்மலை. வெள்ளார்மலைப் பள்ளி தன் மாணவர்களில் பலரை இழந்தது. கட்டடத்துக்குள் மரமும் பாறையும். நான் அங்கே கவனித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததை. மிஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு பள்ளியில் சேர்த்துக் கணக்கை முடித்துவிடவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மேப்பாடியில் இடம் ஒதுக்கி, வெள்ளார்மலைப் பள்ளியை வெள்ளார்மலைப் பள்ளியாகவே திறந்தார்கள். கட்டடம் வேறு, டீச்சர் அதே டீச்சர், பக்கத்தில் உட்காருகிறவன் அதே கூட்டாளி, அவன் இல்லையென்றால் அவன் இல்லை என்று தெரிந்த கூட்டம். மனநல மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள், அவர்கள் தேவைதான். ஆனால் அந்த முடிவை எடுத்த அதிகாரி யாரோ, பிள்ளை மனத்தைப் பற்றிப் பல புத்தகங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அதுவும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு சிறு தீவு. கரும்பும் அன்னாசியும் பயிரிட, ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிகளைக் கொண்டுபோன இடம். நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்த அதே காலம், ஏறக்குறைய அதே கதை. 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித் என்ற கூட்டாளியும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, சண்டை, மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்கள் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனத்திலோ அடிபட்டார்கள். மீதி ஒரு பங்கு, எழுபத்திரண்டு பேர், நன்றாக வந்துவிட்டார்கள். எப்படி?

புத்திசாலித்தனம் கொஞ்சம் உதவியது, இயல்பான கலகலப்பும் உதவியது. ஆனால் அந்த எழுபத்திரண்டு பேரின் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது, அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போய் விட்டுவிடாமல் இருந்த ஒரு பெரியவர். தாயோ தகப்பனோதான் அவர் என்றில்லை. ஒரு பாட்டி, ஒரு அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் ஒருவர், பெரும்பாலும் ஒரு வாத்தியார். கூடவே வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பு: தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது. "இவன் இல்லாமல் முடியாது" என்று நாலு பேர் நினைக்கிற இடம். இன்னொன்றும் கவனியுங்கள். பதினெட்டில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளில் எழுந்துவிட்டார்கள்: மறுபடி படித்தார்கள், நல்ல துணை கிடைத்தது, ஒரு வேலையில் நிலைத்தார்கள். "ஆறாம் ஆண்டிலேயே தெரிஞ்சிடும், உருப்பட மாட்டான்" என்று ஆசிரியர் அறையில் சொல்லும் ஜோசியத்துக்கு அந்தத் தீவில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே மனவுறுதி பிள்ளைக்குள் மட்டும் ஊறும் ஊற்று இல்லை. அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதில் பாதிக்குமேல் இருக்கிறது.

நம் தோட்டங்களில் அந்த ஆள் ஒரு காலத்தில் தானாகவே கிடைத்தார். ரஸ்ஸல் என்பவர் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு இந்த மலையில் கொழுந்து பறித்தது தமிழ்ப் பெண்கள். அவர்கள் காலைப் பெரட்டுக்குப் போன பின்னால் குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் கிடந்தன. வரிசைக்கு நாலு பாட்டிகள். ஒரு வீட்டில் அடி விழுந்தால் பிள்ளை அடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிடும். கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறவர் முதல் தண்ணீர்ப்பந்தல்காரர் வரை எல்லாரும் மாமா, சித்தப்பா. இதை நான் பொற்காலம் ஆக்க விரும்பவில்லை. அதே லயத்தில்தான் சம்சு சாராயம் ஓடியது. அதே மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் நடந்ததைக் கேட்டும் கேளாததுபோல் படுத்திருந்தார்கள். ஆனால் ஒரு பிள்ளை கண்ணில் படாமல் போவது அன்று கடினம்.

இன்று கொழுந்தை எந்திரம் வெட்டுகிறது. எந்திரத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் வங்காளதேசி அல்லது நேபாளி. நம் குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இறங்கின, அங்கிருந்து ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. லயத்தில் மிஞ்சியது ஒரு தாத்தா, வேலை தேடித் திரிகிற ஒரு தகப்பன், ஒரு கைப்பேசி. நூற்றைம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. நாட்டின் ஐநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி அந்தக் கணக்கில்தான் வருகிறது. பிள்ளை எண்ணிக்கை குறைவென்றால் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைப்பது அரிது; கட்டொழுங்கையும் நூலகத்தையும் பார்க்கிறவரே ஆலோசனையும் பார்ப்பார். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் என்கிறீர்கள். குறைதான். ஆனால் சின்னப் பள்ளிக்கு ஒரு பலம் உண்டு. உங்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும், பாட்டி பெயரும் தெரியும். பட்டணத்தில் ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் அது முடியாது.

எனவே ஆசிரியர் கூட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு எந்தப் பிள்ளையோடு நெருக்கம் இருக்கிறதோ அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைக்கட்டும். ஆசிரியர்கள் மட்டும் போதாது. அலுவலகப் பணியாளர், காவலர், சிற்றுண்டிச்சாலை அக்கா எல்லாரும் வைக்கட்டும். சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குத்தான் அதிகம் புள்ளி விழும், பாருங்கள். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் சில பெயர்களுக்கு நேரே ஒன்றும் இருக்காது. அவர்களை ஆளுக்கு இருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை இல்லை. தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இரண்டு வார்த்தை பேசுவது, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்பது. கேட்கும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். "ஏன்டா லேட்டு?" என்பது விசாரணை. "என்னடா ஆச்சு?" என்பது கேள்வி. ரோத்தான் பிடித்த கையோடு இரண்டாவதைக் கேட்டால் அதுவும் விசாரணையாகிவிடும்.

மேசைக்கடியில் இருப்பவனை இழுக்காதீர்கள். நீங்கள் கீழே உட்காருங்கள். "மழை சத்தம் பெருசா இருக்கு இல்ல?" என்று இருப்பதைச் சொல்லுங்கள். அவன் மூச்சு தணியும்வரை உங்கள் மூச்சு மெதுவாகட்டும். பிள்ளைகள் பெரியவர் உடம்பைப் பார்த்துத்தான் தங்கள் உடம்பை இறக்கிக்கொள்கின்றன. மழைநாளுக்கென்று வகுப்பில் ஒரு வழக்கம் வையுங்கள்: மழை பிடித்தால் இன்னார் சன்னல் சாத்துவது, இன்னார் விளக்குப் போடுவது, எல்லாரும் பாய் விரித்து ஒரு கதை கேட்பது. அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கவாய்ப் பிள்ளைகள் நினைவிருக்கட்டும். பொறுப்பு உள்ளவனுக்குக் கால் தரையில் நிற்கும். களிமண்ணில் அவன் வீடு செய்து அதை மண்ணால் மூடுவான். மூடட்டும். திரும்பத் திரும்ப மூடுவான். "ஏன் இப்படி விளையாடுற, நல்லதா ஏதாவது செய்" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாத வயதில் அதுதான் அவன் பேச்சு. பேச வந்தால் கேளுங்கள், வராவிட்டால் தோண்டாதீர்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்த உளநல முதலுதவிக் கையேடு மூன்றே வேலை சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது. முன்னிரண்டும் உங்களால் முடியும். மூன்றாவதில்தான் நம்மாட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் சரியாகிவிடுவார்கள். மூத்த ஆசிரியர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, படுக்கை நனைகிறது, சாப்பிடுவதில்லை, வெறித்துப் பார்க்கிறான், சத்தம் கேட்டால் துள்ளுகிறான் என்றால் காத்திருக்கக் கூடாது. தானா ராத்தா மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து நிபுணருக்குக் கடிதம் வாங்க வேண்டும். அங்கேதான் ஓர் ஊர்ப்பெயர் குறுக்கே வரும். ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் வெள்ளைக்காரன் மனநோய் மருத்துவமனை கட்டினான். அன்று முதல் அந்த ஊர்ப்பெயரே நமக்கு வசவாகிவிட்டது. "என் பிள்ளையை ரம்புத்தானுக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று பாட்டி கத்துவார். வாதாடாதீர்கள். "தூக்கத்துக்கு டாக்டரிடம் காட்டுவோம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். கூட வருகிறேன் என்ற சொல்லுக்கு மறுப்பு குறைவு.

"எதையும் தாங்கும்" என்று சொன்ன சங்கத் தலைவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நல்ல மனிதர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது; பணம் திரட்டியதும் அவர்தான். அவர் சொல்வது பெருமைப் பேச்சு. இந்தப் பெருமைக்கு நாம் கொடுத்த விலையைத்தான் அவர் பார்க்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைப் பிடித்துப்போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. திரும்பிவந்தவர்கள் மறுநாள் பால்மரம் வெட்டப் போனார்கள், கொழுந்து எடுக்கப் போனார்கள். தாங்கினார்கள். வீட்டில் பேசவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வந்தது 1993இல்; ஐம்பது வருடம். அந்த ஐம்பது வருடத்தில் தாத்தாக்கள் ஏன் குடித்தார்கள், ஏன் காரணமில்லாமல் பெல்ட்டை உருவினார்கள், ஏன் ராத்திரியில் அலறினார்கள் என்று எந்தப் பேரனும் கேட்கவில்லை. தாங்குவது என்று நாம் சொன்னதில் ஒரு பங்கு அடுத்தவர் முதுகில் இறக்கிவைப்பது. அமெரிக்காவில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயது அடிகள் கூடக்கூட நடுவயதில் குடியும் இதயநோயும் தற்கொலை முயற்சியும் கூடுவதைக் காட்டியது. நம் லயங்களுக்கு அந்த ஆய்வு புதுச் செய்தி இல்லை.

தற்கொலை முயற்சி 2023 வரை இந்த நாட்டில் குற்றம். ஓராண்டு வரை சிறை. உயிர்பிழைத்த மகளை மருத்துவமனைக்குத் தூக்கிப்போன குடும்பம் "தவறிக் குடித்துவிட்டாள்" என்று பொய் சொன்னது அதனால்தான். அந்தச் சட்டப்பிரிவு இப்போது இல்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில், தெளிவாக, ஒருமுறை அறிவியுங்கள். பலருக்குத் தெரியாது. 2022இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின்படி இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தார். உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மலை இறங்கிப் போய்ச் சேர்வது அந்தக் கூட்டத்தில்தான். வீட்டில் அடி, தவறான தொடுகை என்று எது தெரிந்தாலும் தாலியான் காசே உதவி எண் 15999, எந்த நேரமும். மனம் விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555. இரண்டு எண்ணையும் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் எழுதுங்கள், அலுவலக அறிவிப்புப் பலகையில் அல்ல. பலகையை யார் படிக்கிறார்கள்?

இனி உங்களைப் பற்றி. கடிதத்தின் நடுவே ஒரு வரி: கெடாவிலிருந்து மாற்றலாகி வந்து வாடகை அறையில் தனியாக இருக்கிறேன், மழை வந்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. அதை ஏதோ பக்கத்துச் செய்திபோல் எழுதிவிட்டு அடுத்த பத்தியில் மறுபடி பையனைப் பற்றி எழுதுகிறீர்கள். அடிபட்ட பிள்ளைகளோடு நாள்முழுக்க இருப்பவருக்கும் அடி படும். யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவர் கூட்டாளிகளும் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததால் வேறு வழியில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நாகப்பட்டினத்தில் உள்ளூர் ஆட்களை வைத்துச் செய்ததும் அதுதான். அந்தப் பயிற்சி பெற்றவர்களும் அதே குண்டுக்கும் அதே அலைக்கும் தப்பியவர்கள். தனியாக எவராலும் அதைச் செய்திருக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்டபிறகு, பெயர்ப்பட்டியலைச் சுமக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காரும் அரைமணி நேரம். கோப்பு வேண்டாம், அறிக்கை வேண்டாம். அதற்குத்தான் தேத்தண்ணி என்றேன்.

சமூகத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். கோயில் கமிட்டியைக் கேளுங்கள். திருவிழாவுக்கு மேளமும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்கிறவர்களால், மழை வலுத்தால் எந்த வீட்டு முதியவரை யார் கூட்டிவருவது, எல்லாரும் எங்கே கூடுவது என்று ஒரு தாளில் எழுத முடியும். பிள்ளைகளை வைத்து அதை ஒத்திகை பாருங்கள்; பெருமழையில் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்குச் சிறுமழையில் பயம் குறையும். பக்கத்து லயத்து வங்காளதேசித் தம்பிகளையும், ஆற்றங்கரை ஓராங் அஸ்லி குடும்பங்களையும் அந்தத் தாளில் சேருங்கள். கம்போங் ராஜாவில் போனவர்களுக்கு இங்கே உறவு என்று சொல்ல யாருமில்லை.

கடைசியாக அந்த மண்மேடு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சுவரைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், மேட்டை யாரும் தொடவில்லை. நான் மேலே எழுதிய எதுவும் அதற்கு மாற்றாகாது. மறுபடி சரியப்போகிற மண்ணுக்குக் கீழே ஒரு பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவனுக்குத் தைரியம் சொல்வது அயோக்கியத்தனம். மீரியபெத்தையில் எச்சரிக்கை இரண்டுமுறை காகிதத்தில் இருந்தது. மேட்டின் விரிசலையும், சாய்ந்த மரத்தையும், கசியும் நீரையும் தேதியோடு படமெடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் மாவட்ட அலுவலகத்துக்கும், பொதுப்பணித் துறையின் சரிவுப் பொறியியல் பிரிவுக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திரட்டத் தெரிந்த தலைவருக்குக் கையெழுத்துத் திரட்டவும் தெரியும். அக்டோபர் மழைக்கு முன்னால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நகலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்.